மசாய் மாராவுக்கு ஒரு மஞ்சப்பை

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் சிங்கத்தைப் பார்ப்பதைவிட, அதை ஆடாமல் படம் பிடிப்பதுதான் பெரும்பாடு. சஃபாரி வண்டியில் ட்ரைபாட் விரிக்க இடம் இருக்காது. ஒரு சின்ன மஞ்சப்பை போதும். நைரோபியில் இரண்டு கிலோ அரிசி வாங்கி, முக்கால் பாகம் நிரப்பி, வாயைத் தைத்துவிடுங்கள். ஜன்னல் விளிம்பில் அதை வைத்து, நடுவில் கையால் ஒரு குழி அமுக்கி, லென்ஸைப் படுக்க வையுங்கள். தலையணையில் கிடத்திய குழந்தை மாதிரி அப்படியே கிடக்கும். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்த அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும். கிளம்பும் நாளில் அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

துணிப்பையில் இன்னொரு வசதியும் உண்டு. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஈரத்துணி, செருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலைந்து துணிப்பைகளாகவே எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தானே என்று மெல்லிய சட்டைகளை மட்டும் அடுக்காதீர்கள். மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலை திறந்த வண்டியில் பல் கிட்டிவிடும். ஸ்வெட்டர் அவசியம். கறுப்பும் கருநீலமும் மட்டும் வேண்டாம். புதர்ப் பக்கம் போனால் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும், துணிக்கு மேலேயே!

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் பாஸ்போர்ட்டுடனே இருக்கட்டும், திரும்பி வரும்போது கேட்பார்கள்.