குழந்தைக்குக் காரம் பழக்குவது எப்படி? முதலில் மணம், கடைசியில்தான் மிளகாய்

குழந்தைக்கு முதல் உணவு ஊட்டத் தொடங்கும்போது உப்பு, மசாலா, காரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "ஒரு வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். என் மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். வெந்த கேரட், வெந்த உருளைக்கிழங்கு, பழம், வெறும் சோறு என்றே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒன்றரை வயதில் நாங்கள் சாப்பிடுவதை அவள் முன்னால் வைத்தோம். வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை எங்கள் சாப்பாட்டுக்குக் கொண்டுவர எட்டு மாதம் பிடித்தது. சின்னவனுக்கு வேறு வழியில் போனேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணம் வேறு, காரம் வேறு. சீரகம், மல்லி, ஏலக்காய், பட்டை எல்லாம் பெரும்பாலும் மணம்; மூக்குதான் அவற்றை அறிகிறது. மிளகாயின் காரமோ மணமும் இல்லை, சுவையும் இல்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணர்வதற்காக நம் உடம்பில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் விழித்துக்கொள்கிற ஏற்பி அது. 1997இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, மிளகாய் பட்டால் நாக்கு மூளையிடம் சொல்வது "சுடுகிறது" என்பதைத்தான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு மாதக் குழந்தைக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அதனால்தான் மணத்தைச் சீக்கிரம் தொடங்கலாம், காரத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்கிறேன்.

படி 1: குழந்தை தயாரா என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது போல, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு சேர்த்து மற்ற உணவு. தலை ஆடாமல் நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் மசாலா எதுவும் வேண்டாம். வெறும் மசியல் நான்கைந்து வகை பழகட்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மணம் குழந்தைக்கு முற்றிலும் புதியதாக இருக்க வேண்டியதில்லை. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மெனெல்லா, தாய் சாப்பிடும் பூண்டின் மணம் தாய்ப்பாலில் இறங்குவதை 1991இல் காட்டினார். அந்தப் பாலைக் குழந்தைகள் ஒதுக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் குடித்தார்கள். கருவில் இருக்கும்போதே பனிக்குட நீர் வழியாகவும் மணங்கள் போய்ச் சேருகின்றன. பால்பவுடர் குடித்து வளர்ந்த குழந்தைக்கு இந்த முன்னறிமுகம் குறைவு, ஏனென்றால் அந்தப் பால் தினமும் ஒரே சுவையில்தான் இருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை, இன்னும் சில முறை கூடுதலாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

படி 2: மசாலாவைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். குழந்தைக்கு மசாலாவால் வரும் கெடுதல் பெரும்பாலும் மணத்தால் வருவதில்லை, கலப்படத்தாலும் உப்பாலும் வருகிறது.

2023இல் அமெரிக்காவில் பட்டை கலந்த ஆப்பிள் மசியல் பாக்கெட்டுகளைச் சாப்பிட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. காரணம் பட்டைத்தூள். நிறத்துக்காக மஞ்சள்தூளிலும் ஈயக் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அதனால் தூளாக வாங்காமல் முழுசாக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்ளுங்கள். முழு மசாலாவில் கலப்பது கடினம். தூள்தான் கிடைக்கும் என்றால், எந்த நிறுவனம் எங்கே தயாரித்தது என்ற விவரம் அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும்.

கடையில் விற்கும் கலவை மசாலாக்கள் பலவற்றில் உப்பு சேர்ந்திருக்கும், சிலவற்றில் மிளகாயும் இருக்கும். ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு 1 கிராம் உப்பைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டன் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. பாலிலும் மற்ற உணவிலும் இருப்பதே அதற்குப் போதும். எனவே கலவை வேண்டாம், தனித்தனி மசாலா போதும்.

பட்டையில் இரண்டு வகை உண்டு. தடித்து, ஒரே சுருளாக, கட்டை போல இருப்பது காசியா; அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறையப் போனால் கல்லீரலுக்கு ஆகாது. காகிதம் போல மெல்லிய அடுக்குகளாக உடைவது சிலோன் பட்டை. அதில் கூமரின் மிகக் குறைவு. குழந்தைக்கு இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கடுகும் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் அவற்றை மசாலா என்று நினைக்காமல், முட்டை, வேர்க்கடலையைப் போலத் தனியாக, துளி அளவில், பகல் நேரத்தில் அறிமுகப்படுத்துங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வெந்தயம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் ஒரே பயறு வகைக் குடும்பம்.

படி 3: முதல் சிட்டிகை

நான் சீரகத்தில் தொடங்கினேன். எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன், மற்ற மசாலாக்களுக்கும் இதே முறைதான்.

வெறும் சட்டியை மிதமான தீயில் வைத்து ஒரு டீஸ்பூன் சீரகத்தைப் போட்டுக் கிளறுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறம் லேசாகக் கூடி, பச்சை வாசனை போய் வறுத்த கொட்டையின் மணம் எழும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும், குழந்தைகளுக்குக் கசப்பு பிறவியிலேயே ஆகாது. நன்றாக ஆறிய பிறகு பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தங்கும் திப்பியைப் பெரியவர்கள் சாப்பாட்டில் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் தொண்டையில் அது ஒட்டிக்கொண்டு இருமல் வரும்.

குழந்தைக்கு ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு மசியலை எடுங்கள். கால் கப் உருளைக்கிழங்கு மசியல் என்றால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கும் சிட்டிகையில் பாதி போதும். சூடாக இருக்கும்போதே துளி வெண்ணெயோடு கலந்துவிடுங்கள், மசாலாவின் மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். கலப்பதைக் குழந்தையின் முகத்துக்கு எட்டத்தில் செய்யுங்கள். மேலே தூவிக் கொடுக்கவே கூடாது. உலர்ந்த தூள் மூச்சோடு உள்ளே போனால் ஆபத்து. பட்டைத்தூளும் மிளகுத்தூளும் இதில் மோசமானவை.

அதே மசாலாவை அதே உணவில் இரண்டு மூன்று நாள் தொடருங்கள். இடையில் புதிதாக வேறு எதுவும் வேண்டாம். ஏதாவது சரியில்லை என்றால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா? வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவந்து, துடைத்ததும் மறைந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிழுப்பு என்றால் அது ஒவ்வாமை. உடனே அவசர மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

சீரகத்துக்குப் பிறகு மல்லித்தூள், ஏலக்காய், பட்டை, மஞ்சள் என்று வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். வேகவைத்த ஆப்பிளுக்குப் பட்டை, கேரட்டுக்கு மல்லித்தூள், மசித்த வாழைப்பழத்துக்கு ஏலக்காய் நன்றாகச் சேரும்.

படி 4: முகம் சுளித்தால்

சுளிக்கட்டும். முகம் சுளிப்பது "பிடிக்கவில்லை" என்பதற்கு மட்டும் அடையாளம் அல்ல, "இது என்ன?" என்பதற்கும் அதே முகம்தான். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து முறைகூட ஆகலாம். பல வீடுகளில் மூன்றாவது முறையிலேயே "அவனுக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சின்னவன் பூண்டு போட்ட பருப்பை முதல் ஐந்து முறை துப்பினான். ஆறாவது முறை ஒரு வாய் உள்ளே போனது. ஒன்பதாவது முறை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். நான் செய்ததெல்லாம், வாரம் இரண்டு முறை ஒரே ஒரு ஸ்பூன் வைத்து, வேண்டாம் என்றால் எடுத்துவிட்டதுதான். கெஞ்சவும் இல்லை, திணிக்கவும் இல்லை.

படி 5: இஞ்சி, பூண்டு, மிளகு

வெந்த பூண்டில் காரம் இருக்காது. ஏழு எட்டு மாதத்திலேயே ஒரு சிறு பல்லை உணவோடு வேகவைத்து மசிக்கலாம். இஞ்சியும் வேகும்போது காரம் தணியும், ஒரு துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். மிளகின் கதை வேறு. அதில் இருக்கும் பைப்பரினுக்கு உண்மையான காரம் உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு, நன்றாகப் பொடித்து, உணவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கொடுப்பது என் முறை. முழு மிளகு, கிராம்பு எதுவும் குழந்தையின் தட்டில் இருக்கக் கூடாது.

படி 6: மிளகாய்க்கு முன் கையும் பாலும்

மூத்தவளுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது, பச்சை மிளகாய் நறுக்கிவிட்டு, தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் கண் ஓரத்தைத் துடைத்தேன். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினால்தான் போகும். குழந்தையைத் தூக்கும் நாட்களில் கையுறை போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரைப் பல நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவுங்கள். சிவப்பு அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய் எரிந்தாலும் இதே கணக்குதான், தண்ணீர் காரத்தை வாய் முழுக்கப் பரப்பும். பாலும் தயிரும்தான் அடக்கும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதமும் கொழுப்பும் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தாய்ப்பாலோ வழக்கமாகக் குடிக்கும் பாலோ கொடுங்கள். காரத்துக்குத் தேன் தடவும் பழக்கம் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனால் பாட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம்.

படி 7: மிளகாய்

அவசரமே இல்லை. ஒன்றரை, இரண்டு வயதுக்கு முன்பு நான் தொடங்கவில்லை. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, பல் முளைக்கும் வலி, எதுக்களிப்பு இருக்கும் நாட்களில் தொடவே வேண்டாம். கேப்சைசின் முழுதாகச் செரிக்காமல் வெளியேறும், அதே ஏற்பி ஆசனவாயிலும் உண்டு. டயப்பர் புண் இருக்கும் குழந்தைக்கு அது பெரிய வேதனை.

மிளகாயின் காரம் விதையில் என்று நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அதிகம். அதை வழித்து எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். முதலில் மிளகாயைக் கீறாமல் முழுசாகக் குழம்பில் போட்டு, கொதித்ததும் எடுத்துவிடுங்கள். அது பழகியதும், பெரியவர்களுக்குச் செய்ததில் ஒரு ஸ்பூனை எடுத்து, நான்கு ஸ்பூன் தயிரிலோ மசியலிலோ கலந்து கொடுங்கள். மாதக்கணக்கில் மெதுவாக விகிதத்தை மாற்றலாம். முதல் நாட்களைப் பகல் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்காக, அழுகிற முகத்தைப் படம் பிடிப்பதற்காகக் கொடுப்பதும், பொய் சொன்னதற்கு, கடித்ததற்குத் தண்டனையாக வாயில் தேய்ப்பதும் கொடுமை. தூள் மூச்சுக்குழாயில் போனால் உயிரே போகும். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

சின்னவனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. நேற்று அக்காவின் தட்டில் இருந்த காரக் குழம்பைத் தொட்டு நக்கினான். கண் விரிந்தது, நாக்கை வெளியே நீட்டி "சுடுது" என்றான். பால் டம்ளரை அவனே எடுத்து இரண்டு மடக்கு குடித்தான். கொஞ்ச நேரம் குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மறுபடியும் விரலை நீட்டினான்.