சரக்குத் துறைமுகச் சுவரில் படகைக் கட்டும்போது ஒரு பலகை

நெடும் பயணத்தில் இலங்கையின் காலித் துறைமுகம் மாதிரி ஒரு வணிகத் துறைமுகத்துக்குள் போய்ச் சுவரோடு கட்டச் சொன்னால், ஃபெண்டர்களை (உரசாமல் காக்கப் படகின் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தைகளை) மட்டும் நம்பாதீர்கள். அவற்றுக்கு வெளியே ஒரு தடித்த பலகையைத் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 5 செ.மீ. கனம் போதும். இரு முனையிலும் துளையிட்டுக் கயிறு கோத்து, பின்னால் இரண்டு ஃபெண்டர் வந்தால் சரி.

அந்தச் சுவர்கள் கப்பலுக்காகக் கட்டியவை. தூண்களுக்கும் பெரிய ரப்பர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சின்ன ஃபெண்டர் உருண்டு நழுவிவிடும், பெயின்ட் போய்விடும். பலகை இடைவெளியின் குறுக்கே கிடந்து உரசலைத் தான் வாங்கிக்கொள்ளும். டயர்க் கறையும் அதோடு நின்றுவிடும். சரக்குக்கு அண்டைகொடுத்த பழைய பலகைகள் அங்கேயே கிடக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு படகை ஒட்டிக் கட்டினால் பலகையை எடுத்துவிடுங்கள், அடுத்தவர் படகைக் கீறிவிடும். மிதக்கும் மேடையில் இது தேவையே இல்லை. ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) அதிகமுள்ள இடத்தில் நீர் ஏறும்போது பலகை சுவரின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அங்கே ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள்.