16 நிறங்களில் ஒரு வாக்ஸல் உலகம்

வாக்ஸல் என்பது சிறு கனசதுரக் கட்டை. அவற்றை அடுக்கி விளையாட்டுக்கான மாடல் செய்யும் மென்பொருளான மேஜிக்காவாக்ஸலின் பேலட்டில் (நிறப் பட்டியலில்) 255 நிறங்களுக்கு இடமுண்டு. தொடக்கத்தில் 16 போதும். ஒரு கட்டைக்கு ஒரே நிறம் கொடுத்தாலும், பக்கவாட்டில் விளக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் அதன் மூன்று முகங்களும் மூன்று அளவு வெளிச்சத்தில் தெரியும். பிக்சல் ஓவியத்தில் நிழலுக்கென ஒதுக்கும் நிறங்களை இங்கே என்ஜினே (விளையாட்டை இயக்கும் மென்பொருளே) தந்துவிடுகிறது. அதனால் நிழலைக் கையால் பூசாதீர்கள். விளக்கு இடம் மாறினால் பூசிய நிழல் பொய்யாகத் தெரியும்.

பச்சைக்கு 4, மண்ணுக்கும் மரத்துக்கும் சேர்த்து 4, கல்லுக்கு 3, நீருக்கும் வானத்துக்கும் 3 என்று பிரியுங்கள். மீதி 2 கதவு, நாணயம், எதிரி போன்றவற்றுக்கு மட்டும். எதிரிக்குக் கொடுத்த சிவப்பைப் பூவிலும் தெளித்தால் எதிரி கண்ணில் படமாட்டான்.

இந்த ஒவ்வொரு நிறத் தொகுதியிலும் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் நிறம் சேறுபோல ஆகிவிடும். சாயலும் (நிற வட்டத்தில் அந்த நிறம் இருக்கும் கோணம்) நகர வேண்டும். பச்சைக்கு எச்எஸ்பி (சாயல், செறிவு, வெளிச்சம்) அளவில் வெளிச்சம் 25, 45, 65, 85 என்று வைத்தால், சாயல் 170, 145, 115, 85 என்று நீலத்திலிருந்து மஞ்சள் பக்கம் வரட்டும். செறிவு நடு நிறங்களில் கூடுதலாகவும் இரு முனைகளில் குறைவாகவும் இருக்கட்டும். பிறகு காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பாதையும் புல்லும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றின் வெளிச்சத்தை மாற்றியாக வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

புல்லை இயல்பாகக் காட்ட ஒவ்வொரு வாக்ஸலுக்கும் வேறு பச்சை தெளிப்பது பலரும் செய்யும் தவறு. ஒரே நிறமுள்ள 8×8 பரப்பை க்ரீடி மெஷிங் (அடுத்தடுத்த ஒரே நிற முகங்களை இணைக்கும் முறை) ஒரே சதுரமாக்கி 2 முக்கோணங்களில் முடித்துவிடும். இரண்டு நிறங்களைச் சதுரங்கப் பலகைபோல வைத்தால் அதே பரப்புக்கு 128 முக்கோணங்கள் ஆகும், என்ஜினுக்கு வேலை கூடும். நிறத்தைத் திட்டுத் திட்டாக வையுங்கள். பார்வைக்கும் அதுதான் அமைதி.

வாக்ஸல் நிறத்தைச் சேமிப்பதில்லை, பேலட்டில் அந்த நிறத்தின் எண்ணைச் சேமிக்கிறது. எனவே பேலட்டை 256×1 பிஎன்ஜி கோப்பாக வைத்து, எல்லா மாடல்களிலும் அதே வரிசையில் பயன்படுத்துங்கள். பாதி வேலையில் வரிசையை மாற்றினால் பழைய மாடலின் இலை செங்கல் நிறமாகிவிடும். மாற்றாமல் காத்தால், பச்சை நான்கையும் திருத்திய இன்னொரு பிஎன்ஜியைப் போட்டதுமே உலகம் முழுக்க இலையுதிர் காலம் வந்துவிடும்.

என்ஜினில் இந்த பிஎன்ஜி டெக்ஸ்சருக்கு (மாடல்மேல் ஒட்டும் படத்துக்கு) ஃபில்டரை, பக்கத்து நிறங்களைக் கலக்காத நியரஸ்ட் அல்லது பாயின்ட் என்று வையுங்கள், கம்ப்ரஷனை அணைத்துவிடுங்கள். யுவி புள்ளி (ஒரு முகம் படத்தின் எந்த இடத்திலிருந்து நிறம் எடுக்கிறது என்று காட்டும் புள்ளி) அந்தந்த நிறக் கட்டத்தின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் பக்கத்து நிறம் கசியும்.