அடி முறுகும் கார்ன்பிரெட்: வார்ப்பிரும்பு ஸ்கில்லெட்டில் தென்மாநிலப் பக்குவம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் (டென்னசி, அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி பக்கம்) பல வீடுகளில் கார்ன்பிரெட்டை (மக்காச்சோள மாவு ரொட்டி) தலைகீழாகக் கவிழ்த்துத்தான் தட்டில் வைப்பார்கள். அடிப்பக்கம் மேலே வரும். விருந்தாளிக்குக் காட்ட வேண்டிய பக்கமும் அதுதான்: நன்றாகச் சிவந்து, கத்தியால் தட்டினால் சத்தம் வருகிற முறுகலான அடி. அந்த முறுகல் மாவில் என்ன கலந்தோம் என்பதைவிட, மாவை ஊற்றும்போது இரும்பு எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இது பழைய தென்மாநில முறை. மக்காச்சோள மாவு, மோர், முட்டை, கொழுப்பு, அவ்வளவுதான். மைதா இல்லை, சர்க்கரையும் இல்லை. செரோக்கி, சாக்டா போன்ற பூர்வகுடி மக்கள் மக்காச்சோள மாவைத் தண்ணீரில் பிசைந்து சுட்ட ரொட்டிதான் இதற்கு மூலம். மோர், முட்டை, சமையல் சோடா எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. வடமாநிலங்களில் மைதாவும் சர்க்கரையும் போட்டுச் செய்வது ஏறக்குறைய கேக். அது வேறு பண்டம், இங்கே சொல்லும் சூட்டில் அது கருகிவிடும். தெற்கிலும் சர்க்கரை சேர்க்கும் குடும்பங்கள் உண்டு, குறிப்பாகக் கறுப்பின மக்களின் சமையலில். இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

மாவு

கல் எந்திரத்தில் அரைத்த மக்காச்சோள மாவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் முளைக்கருவும் கொஞ்சம் தோலும் சேர்ந்தே அரைபடும், வாசனையும் இயல்பான இனிப்பும் அங்கேதான் இருக்கின்றன. சூப்பர்மார்க்கெட்டில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் மாவு, எஃகு உருளைகளில் அரைத்து முளைக்கருவை நீக்கியது. எண்ணெய் போனதால் கெடாது, கூடவே ருசியும் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உருளை ஆலைகள் பரவிய பிறகுதான், இழந்த ருசியை ஈடுகட்ட சர்க்கரை உள்ளே வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

கல்லில் அரைத்த மாவில் எண்ணெய் இருப்பதால் வெளியே வைத்தால் சில வாரங்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சுடும் முன் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான், எந்தப் பக்குவத்தாலும் அந்தக் கசப்பு மறையாது.

வெள்ளையா மஞ்சளா என்றால், தெற்கில் வெள்ளைக்குத்தான் மவுசு. மஞ்சளில் செய்தாலும் ஒன்றும் குறையாது. நிறத்தைவிட அரவைதான் முக்கியம்: நைஸுக்கும் ரவைக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் 'ஸெல்ஃப் ரைசிங்' என்று போட்டிருந்தால் உப்பும் பேக்கிங் பவுடரும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதற்குமேல் நீங்களும் போட்டால் உப்புக் கரித்து, சோப்பு வாடையடிக்கும்.

இந்தியாவில் வாங்குபவர்கள் கவனிக்க: கடையில் கார்ன் ஃப்ளோர் என்று தருகிற வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்குவது. அதில் கார்ன்பிரெட் வராது, பசைதான் வரும். சோள மாவு என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்துக் கொடுத்துவிடுவார்கள். வேண்டியது மக்காச்சோள மாவு, வடநாட்டில் மக்கி ரொட்டி தட்டும் மக்கி ஆட்டா. அது கொஞ்சம் அதிக நைஸ். மூன்றில் ஒரு பங்குக்கு மக்காச்சோள ரவையோ பொலெண்டாவோ கலந்துகொண்டால் பதம் சரியாக வரும்.

சட்டி

கீழே உள்ள அளவு 10 அங்குல (25 செ.மீ.) வார்ப்பிரும்பு ஸ்கில்லெட்டுக்கு. பழைய கணக்கில் 8ஆம் எண் சட்டி. டென்னசியின் சௌத் பிட்ஸ்பர்க் ஊரில் 1896இல் தொடங்கிய லாட்ஜ் வார்ப்பாலையில் இன்றும் இந்த அளவுச் சட்டி வார்க்கப்படுகிறது. அதே ஊரில் 1997 முதல் தேசிய கார்ன்பிரெட் திருவிழாவும் நடக்கிறது. வேறு எந்த நிறுவனத்தின் சட்டியானாலும் சரி, அடி தட்டையாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், ஐந்து செ.மீ. உயரச் சுவர் வேண்டும். தோசைக்கல்லுக்குச் சுவர் கிடையாது, உருண்டை அடி வாணலியில் நடுவில் வேகாது.

உங்கள் ஓவன் சிறிய ஓடிஜி என்றால் சட்டி வாங்குமுன் உள்ளே அளந்து பாருங்கள். 10 அங்குலச் சட்டி கைப்பிடியோடு சேர்த்து 40 செ.மீ. நீளம் வரும், பல ஓடிஜிகளில் கதவு சாத்தாது. 8 அங்குலச் சட்டியில் பாதி அளவு மாவை ஊற்றிச் சுடலாம், 16 முதல் 18 நிமிடம் போதும்.

சட்டி நன்றாகப் பழகியிருக்க வேண்டும், அதாவது சூட்டில் இறுகிய எண்ணெய்ப் பூச்சு ஏறியிருக்க வேண்டும். ஏற்கெனவே பழக்கியது என்று விற்கும் புதுச் சட்டியிலும் அந்தப் பூச்சு மெல்லியதுதான். மேலே இன்னும் இரண்டு மூன்று பூச்சு ஏற்றுவது நல்லது. எண்ணெயைச் சட்டி முழுக்கத் தடவி, பிறகு தடவியதையெல்லாம் துடைத்தெடுப்பது போலவே துணியால் துடையுங்கள். கவிழ்த்து ஓவனில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட்டால் அது படலமாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

அளவு

மக்காச்சோள மாவு – 280 கிராம் (அமெரிக்கக் கப்பில் 2)
கெட்டி மோர் – 420 மி.லி. (1¾ கப்)
முட்டை – 2
கொழுப்பு – 4 மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
சமையல் சோடா – ½ தேக்கரண்டி
தூள் உப்பு – 1 தேக்கரண்டி

மோர் என்றால் நம்மூர் நீர்மோர் இல்லை. அமெரிக்காவில் பட்டர்மில்க் என்று விற்பது உறையூற்றிப் புளிக்க வைத்த பால், கரண்டியில் பூசிக்கொள்ளும் அளவுக்குக் கெட்டியானது. அது கிடைக்காத இடத்தில் நன்றாகப் புளித்த தயிர் மூன்று பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் சேர்த்துக் கடைந்துகொள்ளுங்கள். புளிப்பு இல்லாத தயிர் உதவாது. சோடா வேலை செய்ய அமிலம் வேண்டும்.

மரபான கொழுப்பு, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு) வறுத்த பிறகு சட்டியில் தங்குவதுதான். ஆறேழு துண்டுகளை மிதமான தீயில் நிதானமாக வறுத்தால் தேவையான அளவு இறங்கிவிடும். வடிகட்டி எடுங்கள், தங்கும் துணுக்குகள் கருகிக் கசக்கும். பேக்கனில் உப்பு இருப்பதால் மாவுக்கு உப்பைச் சற்றுக் குறையுங்கள். பன்றிக் கொழுப்பு வேண்டாதவர்களுக்கு நெய், கடலை எண்ணெய் இரண்டுமே நன்றாக ஒத்துவரும். வெண்ணெயைச் சட்டியில் காய்ச்சாதீர்கள், அதிலுள்ள பால்சத்து இந்தச் சூட்டில் கருகிவிடும்.

சுடுவது

நடுத்தட்டில் வெறும் சட்டியை வைத்து ஓவனை 230 டிகிரி செல்சியஸுக்கு (450 ஃபாரன்ஹீட்) முடுக்குங்கள். சூடேறிவிட்டது என்று ஓவன் மணியடிப்பது உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு அந்தச் சூட்டை எட்ட, மணியடித்த பிறகும் ஒரு பத்து நிமிடம் வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் விரைவாகக் காயும், ஆனால் வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகக் கடத்துவதால் தீ படும் நடுப்பகுதி கொதிக்கையில் ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஓவனில் முழுச் சட்டியும் ஒரே சீராகக் காய்கிறது.

சட்டி காயும் நேரத்தில் மாவை ஊறவைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதி முழுவதையும் மோரில் கரைத்து 20 நிமிடம் விடுங்கள். ஊறாத ரவைத் துகள் வெந்த பிறகும் பல்லில் நறநறவென்று கடிபடும். எடுத்துவைத்த மாவில் உப்பு, சோடா, பேக்கிங் பவுடரைக் கலந்து தயாராக வைத்திருங்கள். சோடா மோரைத் தொட்ட நொடியிலிருந்து பொங்கத் தொடங்கும், அதனால் முன்கூட்டியே சேர்க்கக் கூடாது. ஈர மாவில் நேரடியாகத் தூவினால் கட்டி தட்டி, வெந்ததில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும்.

இனி வேகம் வேண்டும். கொழுப்பைச் சட்டியில் விட்டு ஐந்து நிமிடம் ஓவனில் வையுங்கள். முதலிலேயே விட்டிருந்தால் இருபது நிமிடமும் புகைந்து கெட்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் முட்டைகளை அடித்து ஊறிய மாவில் கலக்கி, சோடா கலவையையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறுங்கள். மாவு இட்லி மாவுப் பதத்தில், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிந்து விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒன்றிரண்டு கரண்டி மோர் விடுங்கள், ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும்.

சட்டியை வெளியே எடுங்கள். கொழுப்பு பளபளத்து லேசாகப் புகைவிட்டால் சரியான சூடு. சட்டியைச் சுழற்றிச் சுவர் முழுக்கக் கொழுப்பு படியச் செய்து, ஒரு மேசைக்கரண்டி மட்டும் அடியில் நிற்க, மீதியை மாவில் ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். தாமதிக்காமல் மாவு முழுவதையும் சட்டியில் கொட்டுங்கள். சொய்யென்ற சத்தம் வரும், ஓரத்தில் மாவு உடனே குமிழ்விட்டு வலைபோலப் பொரியத் தொடங்கும். சத்தம் வரவில்லையா, சட்டி காயவில்லை. அப்போது அடுப்பில் மிதமான தீயில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஓவனில் தள்ளுங்கள், ஓரளவு காப்பாற்றலாம்.

20 முதல் 22 நிமிடம். ஓரம் சுவரை விட்டு விலகி, மேலே வெளிறிய பொன்னிறத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும். நடுவில் குத்திய குச்சியில் ஈரமாவு ஒட்டக் கூடாது. வெப்பமானி இருந்தால் உள்ளே 93 முதல் 96 டிகிரி.

கைப்பிடியை உலர்ந்த கனமான துணியால் பிடியுங்கள். ஈரத்துணி கூடாது, ஈரம் நொடியில் ஆவியாகிக் கையைப் பதம் பார்த்துவிடும். வெளியே எடுத்த பிறகும் கைப்பிடிமேல் ஒரு துணியைப் போட்டுவையுங்கள். சூடு பார்வைக்குத் தெரியாது, பழக்கதோஷத்தில் யாராவது தொட்டுவிடுவார்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கம்பித் தட்டின்மேல் கவிழுங்கள். சட்டியிலேயே விட்டால் அடியில் ஆவி தேங்கி முறுகல் நமுத்துப்போகும். வெட்ட இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

எங்கே பிசகும்

அதிகம் கேட்கும் புகார், உதிர்ந்துபோகிறது என்பது. மக்காச்சோளத்தில் கோதுமையைப் போலப் பசைப்புரதம் இல்லை. முட்டையும் வெந்து இளகிய ஸ்டார்ச்சும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. மாவு கெட்டியாக இருந்தால் ஸ்டார்ச்சுக்குத் தேவையான ஈரம் கிடைக்காது, அது இறுகாது. மோரைக் கூட்டுங்கள். அப்போதும் உதிர்ந்தால் ஒரு வழி உண்டு: அரைக் கப் மாவில் 120 மி.லி. கொதிநீரை விட்டுக் கிளறிக் கூழாக்கி, ஆறியபின் மற்ற மாவோடு சேருங்கள். மோரை 320 மி.லி. ஆகக் குறைத்துவிடுங்கள். முன்பே வெந்த அந்தக் கூழ் மொத்தத்தையும் கோத்துப் பிடிக்கும். மைதா சேர்க்கும் யோசனை இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

அடி ஒட்டிக்கொண்டால் மூன்று காரணங்கள்: சட்டி பழகவில்லை, காயவில்லை, அல்லது சுவரில் கொழுப்பு படவில்லை. காய்ந்த இரும்பில் மாவின் அடிப்பரப்பு தொட்டவுடன் இறுகிவிடுவதால்தான் ஒட்டாமல் வருகிறது. குளிர்ந்த இரும்பில் மாவு முதலில் நுண்குழிகளில் இறங்கி, அங்கேயே வேகிறது.

நடுவில் களிபோல இருந்தால் ஓவன் சூடு குறைவு, அல்லது சிறிய சட்டியில் முழு அளவையும் ஊற்றியிருப்பீர்கள். சோப்பு ருசி என்றால் சோடா அதிகம், அல்லது மோரில் புளிப்புப் போதவில்லை. அடி கருகி உள்ளே வேகவில்லை என்றால் கீழ்த்தட்டில் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் சர்க்கரை போட்டிருப்பீர்கள். இனிப்பில்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் சூட்டை 200 டிகிரிக்கு இறக்க வேண்டும், அடியின் முறுகலும் கூடவே இறங்கும்.

சாப்பிடும்போதும் பிறகும்

தெற்கில் இதற்குத் துணை வேகவைத்த பின்டோ பீன்ஸ், காலர்ட் கீரை. கீரை வெந்த சாறைப் பாட் லிக்கர் என்பார்கள், ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். இனிப்பு வேண்டுமானால் மேலே வெண்ணெயும் சோர்கம் சிரப்பும். இந்தச் சிரப் இனிப்புச் சோளத் தட்டையைப் பிழிந்து காய்ச்சுவது, டென்னசியிலும் கென்டக்கியிலும் இன்றும் காய்ச்சுகிறார்கள். மெல்லிய வெல்லப்பாகு அதற்கு மிக நெருங்கிய மாற்று.

சுட்ட அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது, மறுநாள் வறண்டுவிடும். மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அதே சட்டியில் கொஞ்சம் வெண்ணெயில் வாட்டுங்கள். உதிர்த்து ஒரு கிளாஸ் குளிர்ந்த மோரில் போட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது தெற்கின் பழைய இரவுச் சாப்பாடு. நிறைய மிஞ்சினால் உலர்த்தி ஃப்ரீசரில் சேர்த்து வையுங்கள், நன்றிநவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்தில் கார்ன்பிரெட் டிரெஸ்ஸிங் (உதிர்த்த ரொட்டியில் சாறு சேர்த்துச் சுடும் பண்டம்) செய்ய இப்படி உலர்ந்ததுதான் வேண்டும்.

சட்டியை ஊறப்போடாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். ரொட்டியை இரவு முழுக்கச் சட்டியிலேயே விட்டுவைத்தால் அதன் ஈரமும் மோரின் புளிப்பும் பூச்சை அரித்துவிடும். மறுநாள் அந்த இடத்தில் சாம்பல் திட்டு தெரிந்தால், மேலே சொன்னபடி ஒரு பூச்சு ஏற்றினால் போதும்.