எமர்ஜென்சி காலத்து குண்டும் மருந்தும்: நம்ம ஊரு பெருசுங்ககிட்ட கேட்டு எழுதுறது எப்படி

எமர்ஜென்சின்னா, மலாயாவுல (இப்ப மலேசியா) கம்யூனிஸ்ட் கெரில்லாங்கள அடக்க பிரிட்டிஷ்காரன் கொண்டு வந்த அவசர நிலை. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் 1952-ல பத்து வயசு பிள்ளையா தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) ஓடித் திரிஞ்சவங்களுக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு, அவங்க கண்ண மூடுறதுக்குள்ள உக்காந்து கேட்டு எழுதிடுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா போச்சு.

போறதுக்கு முன்னாடி, ரெக்கார்டுல இருக்கறத தெரிஞ்சுக்கிட்டு போங்க. 1948 ஜூன் 16-ல நம்ம ஊருத் தோட்டங்கள்ல மூணு வெள்ளக்காரத் தோட்டத் துரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டுக் கொன்னாங்க, அதோட எமர்ஜென்சி வந்து 1960 வரைக்கும் இழுத்துச்சு. பிரிட்டிஷ் விமானப்படை 'ஃபயர்டாக்'னு பேரு வச்சு காட்டுல குண்டு போட்டுச்சு, 1950-லேர்ந்து ஆஸ்திரேலியாக்காரங்க லிங்கன் விமானமும் சேந்துக்கிச்சு. ரோட்டோரப் புதர்ல ஆளு ஒளிய முடியாம பண்ண 2,4,5-டிங்கற செடி கொல்லி மருந்து அடிச்சாங்க, அப்புறம் காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்டுங்க போட்ட பயிர அழிக்க ஹெலிகாப்டர்லயும் அடிச்சாங்க. 1961-ல வியட்நாம்ல இதையே செய்யலாமானு பேச்சு வந்தப்ப, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் மலாயாவுல பிரிட்டிஷ்காரன் செஞ்சிருக்கானேனு அதிபர் கென்னடிக்கு எழுதிக் கொடுத்தாரு. நம்ம மண்ணுதான் அவங்களுக்கு முன்னுதாரணம், நெனச்சா வயிறு எரியுது.

இப்ப கேக்குற விதம். "விஷம் அடிச்சாங்களா?"னு வாயில ஊட்டாதீங்க. எங்க ஆயா (பாட்டி) மொதல்ல "எலையெல்லாம் செவந்து கொட்டிருச்சுய்யா"ன்னாங்க, ஆனா கித்தா (ரப்பர்) மரம் வருஷா வருஷம் தை மாசி வாக்குல தானாவே எல கொட்டும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால எந்த மாசம்னு கேட்டேன். "தீவாளிக்கு முந்தி". வேற என்ன வாடுச்சுனு கேட்டேன். கையத் தூக்கி வெரல முறுக்கிக் காட்டி "ரோட்டோரத்து மரவள்ளித் தண்டு கயிறு மாரி திருகிக்கிச்சு, எல சுருண்டுக்கிச்சு"ன்னாங்க, 2,4,5-டி பட்ட செடி அப்படித்தான் ஆகும்.

அதோட விட்டுடாதீங்க, யாரு அடிச்சதுனு கட்டாயம் கேளுங்க, ஏன்னா பழைய மரத்த சாகடிக்க, ரப்பர் பால் அதிகமா வர வைக்கனு தோட்டத்துலயே இதே மருந்த வச்சிருந்தாங்க, லாலான் புல்லுக்கு (தோட்டத்துக் களை) வேற ஆர்சனிக் மருந்து அடிச்சாங்க. மருந்தடிக்கிற தோட்டத்து ஆளா, பட்டாளத்து லோரியா? ஆயா சொன்னது பட்டாளத்து லோரி. அவங்க சொன்ன சொல்ல அப்படியே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க, போன்ல ரெக்கார்டும் பண்ணிக்குங்க.

குண்டு விழுந்த பள்ளம்னு யாராச்சும் காட்டுனா தூர நின்னு படம் எடுங்க, எடத்த குறிச்சுக்குங்க. இரும்பு தெரிஞ்சா தொடாதீங்க, போலீஸுக்கு சொல்லுங்க.

அப்புறம் ஒத்துப் பாக்கணும். சிங்கப்பூர் நூலகத்தோட பழைய பேப்பர் தொகுப்பு ஆன்லைன்ல ஓசியாவே இருக்கு, வருஷம், ஊர் பேரு போட்டு தேடுங்க. கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவுல (தேசிய ஆவணக் காப்பகம்) கேளுங்க. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துல சிஓ 1022 வரிசையும் (பிரிட்டிஷ் காலனி அலுவலகக் கோப்புங்க), ரொம்ப வருஷம் மறைச்சு வச்சிருந்து 2012 வாக்குல வெளிய விட்ட எஃப்சிஓ 141 வரிசையும் முக்கியம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், செடி கொல்லி மருந்த 'விஷவாயு'னு எழுதாதீங்க. எத்தியோப்பியாவுல 1935-36-ல இத்தாலி மஸ்டர்ட் வாயு போட்டத அவங்க அரசாங்கமே 1996-ல ஒத்துக்கிச்சு, அது வேற. ஈராக்ல பிரிட்டிஷ்காரன் குண்டு போட்டது நெசம், வாயுவ ஆதரிச்சு 1919-ல சர்ச்சில் எழுதுன குறிப்பும் நெசம், ஆனா எழுதுனது வேற, போட்டது வேற. நீங்க ஒரு எடத்துல கூட்டி எழுதுனா, ஆயா சொன்ன மரவள்ளியையும் சேத்து பொய்யின்னுடுவாங்க.