கார்பன் கசிவிலிருந்து ஒரு தொழிலைக் காப்பது எப்படி? சேலத்துச் சூளையை வைத்து ஒரு கணக்கு

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால், சேலம் நகருக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே வெள்ளை வெளேரென்று வெட்டுப் பள்ளங்கள் தெரியும். அவை நம்மவர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் எடுக்கும் சுரங்கங்கள். உமிழ்வு வணிகம், கார்பன் கசிவு ஆகிய சொற்களைச் செய்தித்தாளில் படித்துவிட்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, அந்தக் கல்லைவிட நல்ல பாடப்பொருள் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உமிழ்வை எடை போடுங்கள்

வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். தூய கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் ஏறத்தாழ 48 கிலோ மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) மிஞ்சும். மீதி 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். வெந்த கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உருவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், கனம் மட்டும் பாதியாகியிருக்கும். இந்தக் கணக்குப்படி ஒரு டன் மக்னீசியா செய்தால் கல்லிலிருந்து மட்டும் 1.09 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சூளையில் எரிக்கும் எண்ணெயின் உமிழ்வு இதற்கு மேல். எரிபொருளை மாற்றலாம், சூளைக்கு நல்ல காப்புச் செங்கல் வைக்கலாம். கல்லுக்குள் இருக்கும் வாயுவை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. சிமென்ட், சுண்ணாம்பு ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

படி 2: அந்த உமிழ்வுக்கு விலை வையுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் உமிழ்வு வணிக முறை நடைமுறையில் உள்ளது. ஆலை வெளிவிடும் ஒவ்வொரு டன்னுக்கும், சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஓர் உரிமத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நம் சூளை ஐரோப்பாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 டன் உற்பத்தி, டன்னுக்கு 1.5 டன் உமிழ்வு, உரிமத்தின் விலை 70 யூரோ என்று கொள்வோம் (இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்). மொத்த உமிழ்வு 15,000 டன். செலவு 10,50,000 யூரோ. அதாவது ஒவ்வொரு டன் சரக்கின் மீதும் 105 யூரோ ஏறுகிறது. வாங்குபவர் இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காமல், உமிழ்வுக்கு விலையே இல்லாத நாட்டிலிருந்து சரக்கை இறக்கிக்கொள்வார். இங்கே சூளை அணையும், அங்கே இன்னொரு சூளை எரியும். தொழிலாளியின் வேலை போகும், வானத்துக்குப் போகும் புகை குறையாது. இதைத்தான் கார்பன் கசிவு என்கிறார்கள்.

படி 3: இந்தத் தொழிலுக்குக் காப்பு தேவையா என்று சோதியுங்கள்

கேட்கிற தொழில்களுக்கெல்லாம் காப்பு கொடுத்தால் முறையே பொருளற்றதாகிவிடும். ஆகவே ஐரோப்பிய விதி இரண்டு எண்களைப் பெருக்கச் சொல்கிறது. ஒன்று, வணிகச் செறிவு: வெளிநாட்டு ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி, உள்நாட்டு விற்றுமுதலும் இறக்குமதியும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். மற்றொன்று, ஒரு யூரோ மதிப்புக் கூட்டலுக்கு (விற்ற விலையில் வாங்கிய பொருள்களின் செலவு போக மிஞ்சுவது) எத்தனை கிலோ உமிழ்வு என்பது. பெருக்குத்தொகை 0.2-ஐத் தாண்டினால் தொழில் கசிவுப் பட்டியலில் சேரும். நம் சூளைத் தொழிலுக்கு முறையே 0.4, 1.5 என்று வைத்தால் 0.6 வருகிறது; எளிதாகச் சேர்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு 0.5, 0.05 என்று வைத்தால் 0.025-தான் வரும். ஏற்றுமதி எவ்வளவு இருந்தாலும் உமிழ்வு சிறிது என்பதால் அதற்குக் காப்பு தேவைப்படாது.

படி 4: இலவச ஒதுக்கீட்டைக் கணக்கிடுங்கள்

எல்லாவற்றிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். பட்டியலில் உள்ள தொழிலுக்கு உரிமங்கள் இலவசமாகத் தரப்படுகின்றன. ஆனால் அந்த ஆலை எவ்வளவு புகை விடுகிறதோ அவ்வளவுக்கு அல்ல. அதே பொருளைச் செய்யும் ஆலைகளில் மிகச் சிறந்த 10 சதவீதத்தின் சராசரியை ஓர் அளவுகோலாக வைத்து, அதை உற்பத்தி அளவால் பெருக்கித் தருகிறார்கள். ஊதுலையிலிருந்து வரும் உருகிய இரும்புக்கு 2021 முதல் 2025 வரையிலான அளவுகோல் டன்னுக்கு 1.288 உரிமம்; சாம்பல் நிற சிமென்ட் கிளிங்கருக்கு 0.693.

நம் சூளைக்கு அளவுகோல் 1.3 என்று கொள்வோம். 10,000 டன்னுக்கு 13,000 உரிமங்கள் இலவசம். மீதி 2,000 மட்டும் வாங்க வேண்டும். செலவு 10,50,000-இலிருந்து 1,40,000 யூரோவாக இறங்குகிறது. பட்டியலில் இல்லாத தொழில் என்றால் அளவுகோலில் 30 சதவீதம்தான் கிடைத்தது. அப்போது 3,900 போக 11,100 உரிமங்களை, 7,77,000 யூரோ கொடுத்து வாங்க வேண்டும்.

இப்போது சூளைக்காரர் வெப்பத்தை மீட்டு, உமிழ்வை டன்னுக்கு 1.2 ஆகக் குறைக்கிறார் என்று பாருங்கள். உமிழ்வு 12,000, கையில் 13,000. மிஞ்சிய 1,000 உரிமங்களை 70,000 யூரோவுக்கு விற்கலாம். காப்பு முழுமையாக இருக்கும்போதே குறைப்பதற்கான ஆசையும் உயிரோடு இருக்கிறது. சொந்த உமிழ்வுக்கு ஏற்பக் கொடுத்திருந்தால் இந்த ஆசை அன்றே செத்திருக்கும். காப்பு நல்லதா கெட்டதா என்று யாராவது என்னைக் கேட்டால், எதை வைத்து அளந்து கொடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதையும் ஐரோப்பாவே பார்த்தது. தொடக்க ஆண்டுகளில் மின் நிறுவனங்கள் இலவச உரிமங்களின் மதிப்பையும் மின்கட்டணத்தில் ஏற்றி வசூலித்தன. 2013 முதல் பெரும்பாலான மின் உற்பத்திக்கு இலவசம் இல்லை, உரிமங்களை ஏலத்தில்தான் வாங்க வேண்டும். 2008-இன் பொருளாதாரச் சரிவில் உற்பத்தி விழுந்தபோது, பழைய உற்பத்தியை வைத்துக் கொடுத்த உரிமங்கள் எஃகு ஆலைகளிடம் குவிந்தன. இப்போது உற்பத்தி 15 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஒதுக்கீடும் மாற்றப்படுகிறது.

படி 5: எல்லையில் வரும் மாற்றத்தைச் சேருங்கள்

இலவசத்துக்குப் பதிலாக, இறக்குமதிச் சரக்கும் அதே விலையைக் கொடுக்கட்டும் என்பது புதிய வழி. எல்லைக் கார்பன் சரிக்கட்டல் முறை எனப்படும் இதில் 2023 அக்டோபர் முதல் கணக்குத் தாக்கல் மட்டும் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் பணப் பொறுப்பு தொடங்கியது. இரும்பும் எஃகும், அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் அடங்கும், வெள்ளைக்கல் இல்லை. இந்தச் சரக்குகளுக்கான இலவச ஒதுக்கீட்டில் 2026-இல் 2.5 சதவீதமும் 2030-இல் 48.5 சதவீதமும் வெட்டப்பட்டு, 2034-இல் அது முற்றிலும் நிற்கும். ஐரோப்பிய ஆலை எவ்வளவு இழக்கிறதோ அந்த அளவுக்கே இறக்குமதியாளரின் சுமையும் ஏறும். இன்று சிறிதாகத் தெரிகிறது என்று இருந்துவிட வேண்டாம்.

படி 6: சேலத்துப் பட்டறையில் நின்று கணக்குப் போடுங்கள்

அங்கே காப்பாக இருப்பது, இங்கிருந்து சரக்கு அனுப்புபவருக்குத் தடைக் கதவு. கருப்பூர்ப் பக்கம் போல்ட் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு சிறு பட்டறையை எண்ணிப் பாருங்கள். ஒரு டன் போல்ட்டுக்கு 1.1 டன் கம்பி தேவை. கம்பியில் டன்னுக்கு 2.3 டன் உமிழ்வு அடங்கியுள்ளது என்றால் 2.53 வருகிறது. பட்டறையின் சூடேற்றும் அடுப்பில் 40 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 0.11 டன். மொத்தம் 2.64, இதில் பட்டறையின் சொந்தப் பங்கு 4 சதவீதம்தான். எஃகுப் பொருள்களுக்கு இப்போது நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு என்பதால் மின்கட்டண ரசீது இதில் நுழையாது. ஆகவே முதல் வேலை, கம்பி தரும் ஆலையிடம் அதன் உமிழ்வு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது. விவரம் இல்லாவிட்டால் ஐரோப்பா தானே வைத்திருக்கும் கூடுதலான பொது மதிப்பு உங்கள் தலையில் விழும்.

அடுத்து, உங்கள் இறக்குமதியாளர் ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் வாங்குபவரா என்று கேளுங்கள். அப்படியானால் அவருக்கு விலக்கு உண்டு. இந்தியாவும் 2023-இல் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்துள்ளது. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற அடிப்படையில் இலக்கு வைப்பதால், உற்பத்தியைப் பெருக்கும் ஆலைக்கு அது தண்டனை ஆகாது. உற்பத்தி நாட்டிலேயே உண்மையில் கொடுத்த கார்பன் விலையை ஐரோப்பிய எல்லையில் கழித்துக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு. அந்தப் பணம் எல்லையில் போவதைவிட இங்கே இருப்பதே நம் தொழிலுக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டீசல் எவ்வளவு போட்டீர்கள், அன்று எத்தனை கிலோ போல்ட் இறங்கியது, எந்த ஆலையின் எந்த உருக்கு எண் (ஒவ்வொரு உருக்கலுக்கும் ஆலை இடும் எண்) கொண்ட கம்பி என்ற மூன்றையும் தேதி போட்டு ஒரே நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். சரிபார்ப்பவர் வந்தால் கேட்பது இந்த நோட்டைத்தான்.