மீன்தொட்டிக்குள் ஒரு பனிக்கட்டியாறு

பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பனிக்கட்டியாறு என்றால் ரெஜிபோமை வெட்டி நீலம் பூசிவிடுவார்கள். வடிவாகத்தான் இருக்கும். ஆனால் கடலில் போய் முடியும் பனிக்கட்டியாறு ஏன் உடைந்து விழுகிறது என்பதை அது காட்டாது. அதற்கு உண்மையான ஐஸும் உப்புத்தண்ணீரும் வேண்டும்.

20 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 10 உயரமான பிளாஸ்ரிக் பெட்டியில் நீலக் கலரிங் கலந்த தண்ணீரை உறைய வையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால், உறையும் ஐஸ் சாயத்தை நடுவுக்குத் தள்ளிவிடும். வெளிப்புறம் வெறும் கண்ணாடி போலாகும். ஆகவே 3 சென்ரிமீற்றர் வீதம் மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததை ஊற்றுங்கள். மொத்தம் 9 போதும், உறையும்போது மிச்சத்தை அதுவே நிரப்பும். (உண்மையான பனிக்கட்டியாறு இப்படி உறைந்த தண்ணீரல்ல. ஆண்டாண்டாய் விழுந்த பனி தன் பாரத்தாலேயே இறுகி ஐஸாகி, மெல்ல வழிந்து வருவது. அதன் நீலத்துக்கும் சாயம் தேவையில்லை. தடித்த ஐஸ் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும்.)

60க்கு 30 சென்ரிமீற்றர் தொட்டியில் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 11 லீற்றர். லீற்றருக்கு 35 கிராம் வீதம் 380 கிராம் உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் முழுதும் கரையும்வரை கலக்குங்கள். அடியில் தங்கினால் மேல்தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும்.

ஐஸை ஒரு முனைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அது தரையில் குந்த வேண்டும். 10 சென்ரிமீற்றர் ஐஸ் மிதக்க ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் ஆழம் தேவை. ஆழம் கூடினால் எடுத்த எடுப்பிலேயே மிதந்து ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

இனி ஐஸின் முகப்பை, அதாவது தண்ணீரைப் பார்த்து நிற்கும் பக்கத்தை, கவனியுங்கள். காற்றுப்படும் பகுதியைவிடத் தண்ணீருக்குள் இருப்பது விரைவாகக் கரையும். அடி குடைபட, மேற்பகுதி கூரைத் தாழ்வாரம் போல் நீட்டிநிற்கும். தாங்கலில்லாத அந்தப் பகுதிதான் உடைந்து விழுகிறது. கரைந்த நீலநீர் உப்பில்லாததால் பாரம் குறைந்து மேலே படரும். நல்ல தண்ணீரில் செய்தால் அது கீழே இறங்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது நல்லது.

கடலடியில் நடப்பதைக் காட்ட, மீன்தொட்டிக் காற்றுக்குழாயின் நுனியை முகப்பின் அடியில் வைத்து, சிவப்புச் சாயமிட்ட குளிர்ந்த நல்ல தண்ணீரை ஒரு போத்தலிலிருந்து விடுங்கள். பனிக்கட்டியாற்றின் அடியிலிருந்து உருகுநீர் வெளிவருவது இப்படித்தான். அது முகப்பை உரசி எழும்போது வெதுவெதுப்பான உப்புநீரையும் இழுத்துவரும். போத்தலை உயரப் பிடித்தால் நீர் முன்னே பாய்ந்து கலங்கிவிடும். தொட்டி மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் மேலே போதும்.

இன்னொரு தடவை முகப்பின் முன்னால் மணல்மேடு போட்டுப் பாருங்கள். இயற்கையில் பனிக்கட்டியாறு தானே தள்ளிக் குவித்த மேடு அதைத் தாங்கி நிற்கும். அலாஸ்காவின் கொலம்பியா பனிக்கட்டியாறு 1980 அளவில் அத்தகைய மேட்டிலிருந்து விலகியது. பிறகு 20 கிலோமீற்றருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது.

முடிந்ததும் உப்புத்தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், மிளகாய்க் கன்று கருகிவிடும்.